டி.என்.ஏ. அமைப்பாய்வில் உலோக அணைவுச் சேர்மங்கள்: நிறமாலைச் சான்றும் பாகுநிலைச் சான்றும்

முன்னுரை

உலோக அணைவுச் சேர்மங்கள் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகியவற்றின் அமைப்பை அறியப் பயன்படுகின்றன. நேர்மின்சுமை கொண்ட அணைவு, எதிர்மின்சுமை கொண்ட பாஸ்பேட் முதுகெலும்பை நாடுகிறது. அதன் தட்டையான ஈனி கார இணைகளுக்கிடையே செருகப்படலாம், பள்ளத்தில் படியலாம், மின்னீர்ப்பால் புறத்தே ஒட்டியும் நிற்கலாம். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்களில் அணைவு வேதியியல் ஆய்வோர், இம்மூன்றையும் வேறுபடுத்தி அறிய வேண்டியவராவர். அதற்கான சான்றுகளை இக்கட்டுரை விளக்குகிறது.

நிறமாலையின் எல்லை

டி.என்.ஏ. சேரச்சேர அணைவின் உட்கவர் செறிவு குறைந்து, முகடு நீண்ட அலைநீளத்தை நோக்கி நகர்வதை இடைச்செருகலின் சான்றாகக் கொள்வது வழக்கம். ஆனால் ஈனி பள்ளத்தில் காரங்களை நெருங்கி அமையும்போதும் இம்மாற்றம் ஓரளவு தோன்றக்கூடும். மூன்று பினாந்த்ரோலின் ஈனிகள் கொண்ட ருத்தேனிய அணைவு இதற்கு எடுத்துக்காட்டு. 1980களில் ஜாக்குலின் பார்ட்டன் குழுவினர், அதன் ஆடி எதிர்வடிவங்கள் டி.என்.ஏ.வுடன் வேறுபட்டுப் பிணைவதைக் காட்டி, இடைச்செருகலை முன்வைத்தனர். 1992இல் சத்தியநாராயணா, டப்ரோவியாக், செயர்ஸ் ஆகியோர் பாகுநிலையை அளந்து, அவ்விரு வடிவங்களும் மரபான இடைச்செருகலால் பிணையவில்லை என்றனர். திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பழனியாண்டவர் குழுவினர் இதே அணைவின் வடிவ வேறுபாட்டை 1996இல் மின்வேதியியல் முறையில் ஆராய்ந்தனர்.

பாகுநிலை உணர்த்துவது

கார இணைகளுக்கு இடைப்பட்ட தொலைவு 0.34 நானோமீட்டர். ஈனி செருகப்பட வேண்டுமானால் அத்தொலைவு ஏறத்தாழ இருமடங்காக வேண்டும். அதனால் டி.என்.ஏ. நீள்கிறது, கரைசலின் பாகுநிலை உயர்கிறது. பள்ளத்தில் படியும் சேர்மம் நீளத்தைப் பெரிதும் மாற்றுவதில்லை. பகுதியளவே செருகப்படும் ஈனி சுருளை வளைப்பதால் பாகுநிலை குறைவதும் உண்டு. சார்பு பாகுநிலையின் கனமூலத்தை அணைவு–டி.என்.ஏ. செறிவு விகிதத்திற்கு எதிராக வரைந்தால் நீட்சி புலப்படும். நீண்ட இழை தானே வளையுமாதலின் டி.என்.ஏ.வைக் குறுந்துண்டுகளாக்கிக்கொள்ள வேண்டும். இடைச்செருகல் ஐயமற நிறுவப்பட்ட எத்திடியம் புரோமைடை உடன் அளந்து ஒப்பிடுதலும் இன்றியமையாதது.

ஆர்.என்.ஏ.வுக்குப் பொருந்துமா?

டி.என்.ஏ.வில் பெற்ற முடிவை ஆர்.என்.ஏ.வின் மேல் அப்படியே ஏற்ற இயலாது. ஆர்.என்.ஏ. இரட்டைச்சுருள் ஏ வடிவத்தது; அதன் பெரும்பள்ளம் ஆழ்ந்தும் குறுகியும் இருப்பதால் பருத்த அணைவுகள் எளிதில் நுழைவதில்லை. மடிப்புகளால் அப்பள்ளம் விரியும் இடங்களில் ரோடிய அணைவுகள் பிணைந்து, ஒளியூட்டியதும் இழையை வெட்டுகின்றன. வெட்டுண்ட இடங்களே மடிப்பைக் காட்டிக்கொடுக்கின்றன.

முடிவுரை

பாகுநிலைமானி, வெப்பநிலை மாறா நீர்த்தொட்டி, நிறுத்தற்கடிகாரம் ஆகியவை தாமிரபரணிக் கரைக் கல்லூரி ஆய்வகங்களுக்கும் எட்டக்கூடியவையே. நிறமாலைச் சான்று மட்டும் உள்ள ஆய்வேடு ‘பிணைகிறது’ என்னும் அளவில் நிற்பதே முறை. ‘இடைச்செருகல்’ என்று கூற நீட்சிக்கான சான்றும் வேண்டும்.