பேவர் பிளாக் கோடு போட்ட இடத்தில் உடைவது ஏன்?

மார்க்கையன்கோட்டையில் வாசலுக்குப் பேவர் பிளாக் பதிக்கிறீர்களா? சுவரோரத்துக்கு வெட்டுக்கல் தேவைப்படும். அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம்.

ஏன்?
கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அதன் இழுவிசை வலிமை அழுத்த வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மேற்பரப்பில் ஒரு பள்ளக்கோடு விழுந்தால் விசையெல்லாம் அதன் நுனியில் குவியும். விரிசல் அங்கிருந்தே ஓடும்.

எப்படி?
சில வெட்டுகளுக்கு உளியும் சுத்தியலும் போதும். நான்கு பக்கமும் கோடு பதித்து, மணல்மேல் வைத்துத் தட்டுங்கள். நிறைய இருந்தால், வைரத்தூள் பதித்த தகடு மாட்டிய மார்பிள் கட்டரை வாடகைக்கு எடுக்கலாம். 60 மி.மீ. கனமுள்ள கல்லை முழுக்க அறுக்க வேண்டியதில்லை: மேலும் கீழும் 15 மி.மீ. கீறினால் ஒரே தட்டில் பிளக்கும்.

கவனம்!
உலர்வெட்டில் பறக்கும் கான்கிரீட் தூளில் சிலிக்கா உண்டு. நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் நோய் வரலாம். அதைக் குணப்படுத்த முடியாது. கல்லை முதலில் நனையுங்கள். முகத்தில் துண்டைக் கட்டினால் போதாது. என்95 முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். ஈரக்கையால் கட்டரைத் தொடாதீர்கள்.