மீன் கழுவ மகளை மட்டும் அழைக்கலாமா?

தேக்கா சந்தையில் வாங்கிய மீனைக் கழுவ மகளையும், அரிசி மூட்டையைத் தூக்க மகனையும் அழைப்பது பல வீடுகளில் வழக்கம். மகள் ஓடினால் “அடக்கமாக இரு” என்கிறோம், மகன் அழுதால் “ஆம்பளைப் பிள்ளை அழலாமா?” என்கிறோம். பிள்ளைகள் இவற்றிலிருந்தே தங்கள் எல்லைகளைக் கற்கிறார்கள்.

பெண் பலவீனமானவள், ஆண் வலிமையானவன் என்ற எண்ணம் இளம் வயதிலேயே பதிந்துவிடுவதை, 15 நாடுகளில் 10 முதல் 14 வயதினரிடம் நடத்தப்பட்டு 2017ல் வெளியான ஆய்வு காட்டியது.

சிங்கப்பூரில் விதிகளும் ஒருகாலத்தில் அப்படியே இருந்தன. மருத்துவப் படிப்பில் மாணவியருக்கு மூன்றில் ஒரு பங்கு இடம்தான் என்று 1979ல் விதிக்கப்பட்ட வரம்பு 2003ல்தான் நீங்கியது. மாணவியருக்கு மட்டும் கட்டாயமாக இருந்த மனையியல் பாடம் 1990களில்தான் இருபாலருக்கும் பொதுவானது.

பள்ளியில் மகன் சமைக்கக் கற்கிறான். வீட்டு அடுப்படிக்கும் அவனை அழைப்பது பெற்றோர் கையில் இருக்கிறது.