ஸ்னாப்ஷாட் பிடித்த இடம்: புது டிஸ்க் வாங்குமுன் கேட்க வேண்டிய கணக்கு

பழைய கல்யாண வீடியோக்களை அழித்தாயிற்று. ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தாயிற்று. ஆனாலும் நாஸ் பெட்டியில் காலியிடம் ஒரு ஜிபிகூட ஏறவில்லை. ஸ்டுடியோ, ஆடிட்டர் அலுவலகம், ஸ்கேன் சென்டர், அச்சகம் என்று நெட்வொர்க் ஸ்டோரேஜ் நுழைந்த இடங்களில் எல்லாம் இந்தப் புகார் உண்டு. பராமரிப்புக்கு வருபவரைக் கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் வரும். "டிஸ்க் பத்தல சார், பெருசா போட்டுடலாம்" என்பது ஒன்று. "ஸ்னாப்ஷாட்டை எல்லாம் தூக்கிடலாம் சார்" என்பது இன்னொன்று. முன்னது பணத்துக்குக் கேடு. பின்னது சில நேரம் தொழிலுக்கே கேடு. எதற்கும் தலையாட்டுமுன், ஸ்னாப்ஷாட்கள் எவ்வளவு இடம் பிடித்திருக்கின்றன, எதை அழித்தால் எவ்வளவு திரும்பும் என்று கேளுங்கள்.

ஸ்னாப்ஷாட் என்பது நகல் இல்லை; ஒரு குறிப்பிட்ட கணத்தில் ஃபைல்கள் இருந்த நிலையைப் பிடித்துவைப்பது. 1990களில் நெட்ஆப் நிறுவனம் பரவலாக்கிய ஏற்பாடு இது. அதன் வேலைமுறையை நெட்ஆப்பைச் சேர்ந்த டேவ் ஹிட்ஸும் கூட்டாளிகளும் 1994ல் ஒரு கட்டுரையாகவே வெளியிட்டார்கள். பிறகு சன் நிறுவனத்தின் இசட்எஃப்எஸ், லினக்ஸின் பிடிஆர்எஃப்எஸ் இரண்டும் இதே வழியில் வந்தன. இன்று சினாலஜி பெட்டிகள் பலவற்றில் பிடிஆர்எஃப்எஸ் ஓடுகிறது, ட்ரூநாஸில் இசட்எஃப்எஸ். ஃபைலைத் திருத்தும்போது பழைய பிளாக்கின் (டிஸ்க்கில் தரவு தங்கும் துண்டின்) மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதுவதுதான் இவற்றின் அடிப்படை. பழைய பிளாக்கை யாரும் பிடித்திருக்காவிட்டால் அது காலியிடமாகிவிடும். ஸ்னாப்ஷாட் பிடித்திருந்தால் ஆகாது. அதனால்தான் ஸ்னாப்ஷாட் எடுக்க ஒரு நொடி போதும், எடுத்த கணத்தில் இடமும் செலவாகாது. நீங்கள் திருத்தத் திருத்த, அழிக்க அழிக்கத்தான் அது பெருகும்.

அளப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 100 ஜிபி வீடியோ ஒன்று ஞாயிற்றுக்கிழமையே பெட்டியில் இருக்கிறது என்று வையுங்கள். திங்கள் இரவு ஒரு ஸ்னாப்ஷாட், செவ்வாய் இரவு ஒன்று. புதன்கிழமை அந்த வீடியோவை அழித்துவிடுகிறீர்கள். இப்போது இசட்எஃப்எஸ் பட்டியலைப் பார்த்தால் இரண்டு ஸ்னாப்ஷாட்களுக்கும் எதிரே ஏறக்குறைய பூஜ்யம்தான் நிற்கும். ஒவ்வொன்றின் எதிரிலும் அதற்கு மட்டுமே உரிய பிளாக்குகளைத்தான் பட்டியல் காட்டும். வீடியோவோ இரண்டுக்கும் பொது. கூட்டுப் பட்டா நிலம் மாதிரி, யாருடைய தனிக் கணக்கிலும் அது வராது. திங்கள் ஸ்னாப்ஷாட்டை அழித்துப் பாருங்கள், ஒன்றும் திரும்பாது. ஆனால் அதுவரை பூஜ்யமாக இருந்த செவ்வாய் ஸ்னாப்ஷாட் திடீரென்று 100 ஜிபி என்று காட்டும். ஏதோ வைரஸ் என்று பயந்துபோகிறவர்களும் உண்டு. ஆகவே, ஸ்னாப்ஷாட்களின் எதிரே உள்ள எண்களைக் கூட்டி "மொத்தமே இவ்வளவுதான்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தக் கூட்டல் உண்மையான மொத்தத்தைவிடக் குறைவாகவே வரும்.

கம்ப்யூட்டரிலிருந்து ஷேர் ஃபோல்டரை வலது கிளிக் செய்து அளவு பார்ப்பதும் உதவாது. அது இன்றைக்கு இருக்கும் ஃபைல்களை மட்டும் எண்ணும். மறைந்திருக்கும் ஸ்னாப்ஷாட் ஃபோல்டருக்குள் போய் எண்ணினால் கணக்கு எதிர்ப்பக்கம் சாயும்: ஒரே பிளாக் முப்பது ஸ்னாப்ஷாட்டில் இருந்தால் முப்பது தடவை எண்ணப்பட்டு, டிஸ்க்கின் கொள்ளளவையே தாண்டிய தொகை வரும். சரியான கணக்கு பெட்டிக்குள்ளிருந்துதான் கிடைக்கும். இசட்எஃப்எஸ்ஸில் நடப்பு ஃபைல்களுக்குத் தனியாகவும் ஸ்னாப்ஷாட்கள் அனைத்துக்கும் சேர்த்துத் தனியாகவும் இடத்தைப் பிரித்துக் காட்டும் பட்டியல் உண்டு. இதிலிருந்து இதுவரை அழித்தால் எவ்வளவு திரும்பும் என்று, எதையும் அழிக்காமலே ஒத்திகை பார்க்கலாம். நெட்ஆப்பில் திரும்பக்கூடிய இடத்தைக் கணக்கிடவே தனிக் கட்டளை இருக்கிறது. சினாலஜியில் ஸ்னாப்ஷாட் ரெப்ளிகேஷன் என்ற செயலியில் தேர்ந்தெடுத்த ஸ்னாப்ஷாட்களின் அளவைக் கணக்கிடச் சொல்லலாம். நேரம் பிடிக்கும், பொறுக்க வேண்டும். உங்கள் பொறியாளரிடம் கேட்க வேண்டியது இந்தத் திரைகளைத்தான். வாய்க்கணக்கு வேண்டாம்.

இடையில் ஒன்று: 4 டிபி என்று வாங்கிய டிஸ்க் 3.63 என்று காட்டுவதற்கும் ஸ்னாப்ஷாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. தயாரிப்பாளர் ஆயிரங்களில் எண்ணுகிறார், கம்ப்யூட்டர் 1024களில் எண்ணுகிறது.

இடம் முழுவதும் நிரம்பும்வரை விடுவது ஆபத்து. இவ்வகை அமைப்புகளில் ஃபைலை அழிப்பதற்கும் புது இடத்தில் கொஞ்சம் எழுதியாக வேண்டும். முற்றிலும் நிரம்பினால் அழிக்கவே முடியாமல் திணறும். 80 விழுக்காட்டைத் தாண்டியதும் மின்னஞ்சல் வரும்படி வைத்துவிடுங்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர். 2021 ஏப்ரலில் கியூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்று இணையத்துக்குத் திறந்துவிடப்பட்டிருந்த கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளைக் குறிவைத்த தாக்குதல்கள் பலருடைய ஃபைல்களைப் பூட்டின. பூட்டுவது என்றால் ஒவ்வொரு ஃபைலும் புதிதாக எழுதப்படுகிறது. பழைய பிளாக்குகள் மொத்தமும் ஸ்னாப்ஷாட் கணக்கில் போய் விழும். தினமும் ஐந்து ஜிபி வளரும் ஸ்னாப்ஷாட் ஓரிரவில் ஐந்நூறு வளர்ந்தால், அது டிஸ்க் பற்றாக்குறை அல்ல. கடப்பாரை விழுந்த சத்தம். அப்போது இடம் வேண்டும் என்று ஸ்னாப்ஷாட்டைத் தூக்கினால், மீட்க இருந்த ஒரே வழியையும் நாமே அடைத்துவிடுகிறோம். இடம் குறைந்தால் பழையதைத் தானாக அழிக்கும் அமைப்பும் அந்த இரவில் அதையே செய்யும். பெட்டியில் வசதி இருந்தால் சில நாள் ஸ்னாப்ஷாட்களையாவது அழிக்க முடியாதபடி பூட்டி வையுங்கள். சினாலஜியில் 2023ல் வந்த டிஎஸ்எம் 7.2 இயங்குதளம் முதல் அது சாத்தியம். பெட்டியே எரிந்தாலோ திருடுபோனாலோ ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்தே போகும் என்பதால், வேறிடத்தில் ஒரு பேக்கப் எப்படியும் வேண்டும்.

தாக்குதல் நடந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930ல் புகார் செய்யலாம். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் பிறப்பித்த, 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட உத்தரவுப்படி, நிறுவனங்கள் இத்தகைய சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும்.

விற்றவரிடம் உங்களுக்குள்ள உரிமை பலருக்குத் தெரிவதில்லை. அட்மின் பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்க வேண்டும். எத்தனை மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட், எத்தனை நாள் இருக்கும் என்பது பராமரிப்பு ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். புது டிஸ்க்குக்கு மதிப்பீடு தந்தால் அதோடு ஸ்னாப்ஷாட் கணக்கையும் கேளுங்கள், மின்னஞ்சலில். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், உரிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடுதான். "நீங்க பிசினஸுக்கு வாங்கினது, நுகர்வோரே இல்லை" என்று வாதம் வரலாம். சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவரை அச்சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது; தனியாள் ஸ்டுடியோ நடத்துபவர் தைரியமாகப் போகலாம், கம்பெனிகளுக்கு அவ்வளவு எளிதல்ல. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

உங்களிடம் தகவல் தந்தவர்களுக்கும் உரிமை இருக்கிறது. "என் ஸ்கேன் ரிப்போர்ட்டை அழித்துவிடுங்கள்" என்று ஒருவர் கேட்டு, நீங்களும் அழித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அது ஸ்னாப்ஷாட்களில் இன்னும் இருக்கும். ஸ்னாப்ஷாட் படிக்க மட்டுமே. உள்ளிருந்து ஒரு ஃபைலை மட்டும் நீக்க முடியாது, அழித்தால் முழுதாகத்தான். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பெற்ற நோக்கத்துக்கு இன்னும் தேவைப்படுபவை, சட்டப்படி வைத்திருக்க வேண்டியவை தவிர மற்றவற்றை அழிக்கக் கோரும் உரிமையைத் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. ஆகவே 'மாதாந்திரம், என்றென்றும்' என்று யாரோ போட்டுவைத்த ஸ்னாப்ஷாட் வரிசை பெட்டியில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். "அழித்துவிட்டோம்" என்று யாருக்காவது எழுதிக் கொடுக்கும்போது, அந்த ஃபைல் கடைசி ஸ்னாப்ஷாட்டிலிருந்தும் எந்தத் தேதியில் மறையும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.