மொட்டைமாடியில் 'புஸ்ஸ்ஸ்' சத்தமா? பேய் இல்லை, கூகை!

நடு ராத்திரி. மொட்டைமாடிப் பக்கம் 'கிறீச்' என்று ஓர் அலறல். நிமிர்ந்து பார்த்தால், வெள்ளையாக ஏதோ ஒன்று சத்தமே இல்லாமல் தலைக்கு மேல் கடந்துபோகிறது. யாருக்குத்தான் பயம் வராது?

ஒரு பக்கம் கிண்டி காடு, ஐ.ஐ.டி வளாகம், இன்னொரு பக்கம் அடையாறு என்றிருக்கும் கோட்டூர்புரம் மாதிரியான ஏரியாக்களில் இதைப் பார்த்து மிரண்டவர்கள் இருப்பீர்கள். அது கூகை. வீட்டுப் பெரியவர்கள் 'சாக்குருவி' என்று திட்டுகிற அதே ஆந்தைதான். மரப்பொந்து கிடைக்காவிட்டால் பழைய கட்டடத்தின் வென்டிலேட்டர், சன்ஷேடு இடுக்கு என்று குடியேறிவிடும். குஞ்சுகள் பசித்தால் பாம்பு சீறுவதுபோல 'புஸ்ஸ்ஸ்' என்று கத்தும். பாதி பேய்க்கதைகள் இப்படித்தான் பிறந்திருக்க வேண்டும்!

பயம் இன்று நேற்று வந்ததல்ல. இடுகாட்டில் கூவும் கூகையைப் பாடிய சங்கப் புலவருக்கு, கூகைக்கோழியார் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

சரி, அந்த முகம் ஏன் அப்படி இருக்கிறது? முகமூடி போட்டதுபோல இதய வடிவில் இருக்கும் அந்த வெள்ளை முகம், உண்மையில் ஒரு டிஷ் ஆன்டெனா. சின்னச் சத்தத்தையும் திரட்டிக் காதுக்கு அனுப்பும். காதுகள் இன்னும் விசேஷம். ஒன்று சற்று மேலே, மற்றொன்று சற்றுக் கீழே! எந்தக் காதில் சத்தம் முதலில் விழுகிறது என்பதை வைத்து எலி இடப்பக்கமா வலப்பக்கமா என்றும், எந்தக் காதில் பலமாகக் கேட்கிறது என்பதை வைத்து மேலேயா கீழேயா என்றும் கணக்குப் போட்டுவிடும். ஒளியே இல்லாத அறையில் விட்டபோதும் சத்தத்தை மட்டும் வைத்துக் கூகை எலியைப் பிடித்ததை, அமெரிக்க விஞ்ஞானி ரோஜர் பெய்ன் சோதித்துக் காட்டினார்.

சிறகின் முன் விளிம்பில் சீப்புப் பல் போன்ற அமைப்பு, மேலே வெல்வெட் மாதிரி மென்மை. அதனால்தான் பறக்கும் சத்தம் எலிக்கும் கேட்பதில்லை, நமக்கும் கேட்பதில்லை. கண்கள் அசையாது என்பதால் கழுத்தையே கிட்டத்தட்ட 270 டிகிரி திருப்பும். நம் கழுத்தில் 7 எலும்புகள், அதற்கு 14.

மலேசியாவில் செம்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்க இதற்குக் கூண்டு கட்டிக் கொடுத்து வரவேற்கிறார்கள். நம் ஊரிலோ எலிக்கு விஷம் வைக்கிறோம். விஷம் தின்ற எலியைத் தின்று கூகையும் சாகிறது. உண்மையில் யார் யாருக்குச் சாக்குருவி?

பகலில் கூகையைக் காக்கை ஜெயித்துவிடும் என்று திருவள்ளுவரே சொல்லியிருக்கிறார். காக்கைகள் துரத்தி உங்கள் பால்கனியில் ஒன்று விழுந்து கிடந்தால் கல் எறியாதீர்கள். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். பால், சோறு எதுவும் வேண்டாம். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். அடிபடாமல் வென்டிலேட்டரில் குஞ்சோடு இருந்தால், பறக்கும்வரை அப்படியே விட்டுவிடுங்கள். சில வாரங்கள்தான் அந்த 'புஸ்ஸ்ஸ்'.