பொன்னுக்குப் பிறப்புப் பத்திரம் உண்டா?

வட்டுக்கோட்டைச் செமினரியை அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கினார்கள். அது 1855இல் மூடப்பட்டாலும், அதே வளவில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. மருத்துவ மிஷனரி சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் முதலில் வந்து இறங்கியதும் இந்த ஊரில்தான். பிறகு மானிப்பாய்க்குப் போனார். அவருடைய முயற்சியால் 1875இல் ‘கெமிஸ்தம்’ என்ற இரசாயன நூல் தமிழில் வந்தது. அந்தக் காலத்து இரசாயனவியலைப் பொறுத்தவரை ரசவாதக் கதை முடிந்துபோனது. பொன் ஒரு மூலகம். எத்தனை மூலிகையை அரைத்து எத்தனை புடம் போட்டாலும் செம்பு செம்பாகவே இருக்கும்.

புடத்தைப் பற்றிச் சொன்னது இன்றைக்கும் சரி. ஆனால் அணுவின் கருவையே உடைக்கும் வழி பிறகு கிடைத்தது. 1941இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் வேகமான நியூத்திரன்களை இரசத்தின்மீது மோதவிட்டார்கள், பொன் கிடைத்தது. 2015 முதல் 2018 வரை ஜெனீவாவிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் ஈய அணுக்கருக்கள் ஒன்றையொன்று உரசுவதுபோல் கடந்து சென்றபோது, சில கருக்கள் மூன்று புரோத்தன்களை இழந்து பொன்னாகின. மொத்தம் சுமார் 8,600 கோடி கருக்கள் என்று 2025இல் அறிவித்தார்கள். நிறை 29 பிக்கோகிராம். எங்கள் கணக்கில் ஒரு பவுண் எட்டுக் கிராம். அதைச் சேர்க்க இதைப்போல 27,000 கோடி மடங்குக்கு மேல் வேண்டும். அதுவும் கண நேரம்கூட நிலைக்காமல் சிதறிப்போன பொன்!

அப்படி ஒருவர் செய்த பொன்னையும் மண்ணில் எடுத்த பொன்னையும் பக்கத்தில் வைத்தால் எது எதுவென்று சொல்ல முடியுமா?

உரைகல்லால் முடியாது. பத்தர் காப்பைக் கறுத்த கல்லில் ஓர் இழுப்பு இழுப்பார். மஞ்சட் கோடு விழும். பக்கத்தில் மாற்றுத் தெரிந்த பொன்னால் இன்னொரு கோடு. இரண்டின் மேலும் நைத்திரிக்கமிலம் ஒரு துளி. பித்தளையென்றால் கோடு பச்சையாகப் பொங்கிக் கரைந்துவிடும். 22 கரற் என்றால் அப்படியே கிடக்கும். இந்தச் சோதனை கேட்பது ‘நீ பொன்னா, எவ்வளவு பொன்?’ என்பதை மட்டுந்தான். நகைக்கடைகளிலும் அடைவு பிடிக்கும் இடங்களிலும் வைத்திருக்கும் எக்ஸ் கதிர்க் கருவி கேட்பதும் அதே கேள்வி. அது தலைமயிரின் தடிப்பளவு ஆழத்துக்குக்கூட உள்ளே பார்க்காது. தங்குதன் உலோகத்தின் அடர்த்தி பொன்னுக்கு மிக நெருக்கமானது. அதை நடுவில் வைத்து மேலே பொன் பூசிய கட்டி இந்தக் கருவியையும் தராசையும் சேர்த்தே ஏமாற்றும். ஆனால் அது போலிப் பொன். செயற்கைப் பொன் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

செயற்கைப் பொன்னைப் பிடிக்க முதலில் தேட வேண்டியது கதிர்த்தொழிற்பாடு. இயற்கையில் கிடைக்கும் பொன்னில் ஒரேயொரு சமதானி: பொன்-197. அணுக்கருவை அடித்துச் செய்யும்போது அது மட்டும் தனியே பிறப்பதில்லை. பொன்-195, பொன்-198 எல்லாம் கூடவே வரும். பொன்-198 சிதையும்போது 412 கிலோ இலத்திரன்வோற்றுச் சக்தியுள்ள காமாக் கதிரை விடும். நல்ல உணரி அதை உடனே காட்டிக்கொடுத்துவிடும். சங்கடம் என்னவென்றால், அதன் அரைவாழ்வுக்காலம் 2.7 நாள், ஒரு மாதத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கே மிஞ்சும். பொன்-195 அப்படியல்ல. அதற்கு 186 நாள். அதனால் சில வருடங்களுக்குத் தடயம் நிற்கும். பொறுமையுள்ள ரசவாதி பெட்டகத்தில் வைத்துக் காத்திருந்தால் அதுவும் போய்விடும், மிஞ்சுவது பொன்-197. அந்த அணுவிடம் எங்கே பிறந்தாய் என்று கேட்டால் பதில் வராது. ஒரு பொன்-197 அணுவுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே இல்லை.

ஆகவே கேள்வியைப் பொன்னிடம் கேட்காமல் அதன் கூட்டாளிகளிடம் கேட்கிறார்கள். ஆற்று மணலில் கிடைக்கும் பொன்னில் வெள்ளியும் செம்பும் இரசமும் மிக நுண்ணளவில் வேறு மூலகங்களும் இருக்கும். லேசரால் ஒரு புள்ளியை ஆவியாக்கித் திணிவு நிறமாலைமானியில் அளந்தால், எந்தச் சுரங்கத்துப் பொன் என்றுகூடச் சில வேளை சொல்லலாம். களவுபோன பொன்னைத் துப்பறிய இந்த முறை பயன்பட்டிருக்கிறது.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஈலியச் சோதனை. இயற்கைப் பொன்னில் மிகச் சிறிதளவு யுரேனியமும் தோரியமும் உண்டு. அவை சிதையும்போது பிறக்கும் ஈலியம் பொன்னுக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும். பொன்னை உருக்கினால்தான் தப்பும். சுவிற்சர்லாந்தின் பேர்ண் பல்கலைக்கழகத்தில் ஒட்டோ யூக்ஸ்ரர் இதைக் கொண்டு பழம்பொருட்களின் பொன் கடைசியாக எப்போது உருகியது என்று கணித்தார். கோடிக்கணக்கான வருடம் நிலத்தில் கிடந்த பொற்கட்டியில் ஈலியம் நன்றாகச் சேர்ந்திருக்கும். நேற்று இரசத்திலிருந்து செய்த பொன்னில் இராது.

ஆனால் வட்டுக்கோட்டை வீடுகளின் அலுமாரிகளில் இந்தச் சோதனை எடுபடாது. அம்மம்மாவின் அட்டியலை அழித்து அம்மாவுக்குக் காப்பு, காப்பை அழித்துப் பேத்தியின் தாலிக்கொடிக்குச் சேர்ப்பு என்று ஒவ்வொரு தலைமுறையிலும் பொன் உருகுகிறது. உருகும்போதெல்லாம் ஈலியம் வெளியேறி, கடிகாரம் பூச்சியத்திலிருந்து மறுபடி தொடங்கும். சுத்திகரித்துக் கட்டியாக வரும் 24 கரற் பொன்னிலோ கூட்டாளிகளையும் பெரும்பாலும் நீக்கிவிடுகிறார்கள். அந்த நிலையில், பழைய செயற்கைப் பொன்னும் நிலத்துப் பொன்னும் ஒரே மாதிரித்தான். இப்போதைக்கு நகைக்கடைக்காரர் இதை நினைத்துப் பயப்படத் தேவையில்லை: ஒரு பவுண் செயற்கைப் பொன்னுக்கு ஆகும் செலவில் எத்தனையோ பவுண் கடையிலேயே வாங்கிவிடலாம்.