பூட்டு தொங்குது... கதவு திறந்து கிடக்குது!

கிரிவலம் கிளம்பும் முன் கொண்டியைப் பாருங்கள்

திருவண்ணாமலை:

பவுர்ணமி வந்தால் திருவண்ணாமலையில் தெருவுக்குத் தெரு பூட்டிய வீடுகள். பெரியவர், சின்னவர், பக்கத்து வீட்டு மாமி என எல்லோரும் மலையைச் சுற்றக் கிளம்பி விடுகிறார்கள். கிரிவலப் பாதை 14 கிலோ மீட்டர். எட்டு லிங்கங்களையும் கும்பிட்டு, வழியில் ஒரு டீ குடித்து, வீடு திரும்ப நாலைந்து மணி நேரம் பிடிக்கும்.

கார்த்திகை தீபத்தன்று கேட்கவே வேண்டாம். அதிகாலையில் பரணி தீபம் பார்க்கப் போனவர்கள், மாலை 6 மணிக்கு 2,668 அடி உயர மலை உச்சியில் மகா தீபம் ஏறிய பிறகுதான் வீட்டு நினைப்புக்கே வருகிறார்கள்.

திருடனுக்கும் பஞ்சாங்கம் தெரியும்!

"பூட்டை உடைத்து நகை, பணம் கொள்ளை" என்று பத்திரிகையில் செய்தி வருகிறது. ஆனால் பல இடங்களில் பூட்டு உடைவதே இல்லை. சாவியைப் போட்டால் இப்போதும் திறக்கும். பிய்ந்து போனது கொண்டி. கதவில் இருந்து ஆணியோடு பெயர்ந்து வந்து, பூட்டைச் சுமந்தபடி அசடு வழியத் தொங்கிக் கொண்டிருக்கும்.

வீட்டுக்குள் ஓர் எட்டப்பன்

ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பெரிய பூட்டு வாங்குகிறோம். அதைத் தகரம் போல மெலிந்த ஒரு கொண்டியில் மாட்டுகிறோம். அந்தக் கொண்டியைப் பிடித்து நிற்பது அரை அங்குல ஸ்க்ரூ நாலு. அதிலும் இரண்டு துருப்பிடித்து, ஒன்று ஏற்கனவே விழுந்து போயிருக்கும். கம்பியை உள்ளே விட்டு ஒரு நெம்பு நெம்பினால் போதும். சத்தம் கூட பெரிதாகக் கேட்காது.

இதற்கு வைத்தியம் எளிது. ஸ்க்ரூவுக்குப் பதில் கதவை ஊடுருவிப் போகும் போல்ட்டு போட வேண்டும். அதன் தலை வெளிப்புறம், நட்டு உள்புறம். தலை வழவழப்பாக, திருப்புளி பிடிக்காததாக இருக்க வேண்டும். பூட்டை மாட்டிய பிறகு கொண்டியின் ஸ்க்ரூ எதுவும் வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால், திருடன் திருப்புளியோடு வந்து சத்தமில்லாமல் கழற்றி வைத்து விட்டுப் போவான்.

நிலையில் அடிக்கும் நாதாங்கிக்கும் இதே சட்டம்தான். கதவு தேக்காக இருந்து என்ன பயன்? நிலை கரையான் அரித்து மாவாக இருந்தால் எந்த ஆணியும் நிற்காது. திருப்புளியால் நிலையை ஒரு முறை குத்திப் பாருங்கள். 'பொதுக்'கென்று உள்ளே போனால் முதலில் ஆசாரியைக் கூப்பிடுங்கள். பூட்டுக் கடைக்கு அப்புறம் போகலாம்.

மழை செய்யும் குறும்பு

தீபத் திருவிழா வருவது வடகிழக்குப் பருவ மழைக் காலத்தில். மரம் ஈரத்தைக் குடித்து உப்பும் காலமும் அதுதான். ஆனி, ஆடியில் லேசாகச் சாத்திய கதவு, ஐப்பசியில் தோள் கொடுத்துத் தள்ளினால்தான் மூடும். தாழ்ப்பாள் துளைக்கு நேராக வராது. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கதவைச் சும்மா இழுத்து வைத்து விட்டுப் போகிறவர்கள் உண்டு.

இன்னும் சிலர் உடனே ஆசாரியை அழைத்து, "கொஞ்சம் இழைச்சு விடுங்க ஆசாரியாரே" என்கிறார்கள். அவசரப்படக் கூடாது. மழையில் நிறைய இழைத்து விட்டால், சித்திரை வெயிலில் மரம் சுருங்கும்போது கதவுக்கும் நிலைக்கும் நடுவே சந்து விழும். கம்பி நுழைய அந்தச் சந்து போதும். திருடனுக்கு நாமே வழி வெட்டிக் கொடுத்த மாதிரி.

முதலில் கீலைப் பாருங்கள். கதவு தரையில் உரசுகிறதா? பெரும்பாலும் மேல் கீல் தளர்ந்திருக்கும். கதவின் எடை மேல் கீலைத்தான் வெளியே இழுக்கிறது. கதவைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். மேலே ஆட்டம் தெரிந்தால் அதுதான் நோய். ஸ்க்ரூவைக் கழற்றி, ஓட்டையில் பசை தடவிய மூங்கில் குச்சியை இறுக அடித்து, காய்ந்த பிறகு நீளமான புது ஸ்க்ரூவைப் போட்டால் கதவு மறுபடி நிமிர்ந்து விடும். கனமான கதவு என்றால் இரண்டு கீல் போதாது. மூன்று வேண்டும்.

பழைய வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. அந்தக் காலக் கதவுகளுக்குக் கீலே கிடையாது. கதவின் மேலும் கீழும் குடுமி வைத்து, நிலையில் உள்ள குழியில் சுழல விட்டார்கள். எடை முழுவதும் கீழ்க் குடுமியில் இறங்கி விடும். கோவில்களில் ஆனை நுழையும் பெரிய கதவுகள் குடுமியில் சுற்றுவதும் இதனால்தான்.

எண்ணெய் விடாதீங்க!

சாவி இறுக்கமாகச் சுற்றுகிறதா? உடனே சமையல் அறைக்கு ஓடித் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வருவது நம் வழக்கம். பூட்டுக்கு இதைவிடக் கெடுதல் வேறு இல்லை.

முதல் நாள் வழுக்கிக் கொண்டு திறக்கும். பிறகு தெருப் புழுதி முழுவதும் அந்த எண்ணெயில் ஒட்டிக் களியாகி விடும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்து விடும். மார்கழிப் பனியில் பாட்டிலிலேயே கட்டியாக நிற்கும் எண்ணெய், பூட்டுக்குள் மட்டும் உருகியா இருக்கும்?

பென்சில் முனையை உரசி எடுத்த கரித்தூளைச் சாவியில் தடவி, நாலு முறை உள்ளே விட்டு எடுத்தால் போதும். கிராபைட் என்ற இந்தத் தூள் வழுக்கும். புழுதியை ஒட்ட வைக்காது. கீலுக்கு மட்டும் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடலாம்.

கண்ணாடி ஜன்னலின் கதை வேறு

இப்போது செங்கம் ரோடு, வேலூர் ரோடு பக்கம் எல்லாம் புதுக் கட்டிடங்கள். லாட்ஜ்களிலும் அடுக்கு மாடி வீடுகளிலும் மர ஜன்னல் போய், வெள்ளை பிளாஸ்டிக் சட்டம் போட்ட யு.பி.வி.சி. ஜன்னல் வந்து விட்டது. சில இடங்களில் இரட்டைக் கண்ணாடி. இரண்டு கண்ணாடிக்கு நடுவே உலர்ந்த காற்றை அடைத்து ஓரத்தை மூடியிருப்பார்கள். வெயிலும் திருவிழா மைக் சத்தமும் உள்ளே வருவது குறையும்.

கெட்டுப் போனால் என்ன செய்வது என்று தெரியாமல், மொத்த ஜன்னலையும் கழற்றி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். வீண் செலவு!

இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே பனி மூட்டம் போல ஈரம் தெரிந்தால், ஓரத்து அடைப்பு விட்டுப் போயிற்று என்று அர்த்தம். எவ்வளவு துடைத்தாலும் போகாது. கண்ணாடி ஜோடியை மட்டும் மாற்றினால் போதும். சட்டம் அப்படியே இருக்கலாம்.

கைப்பிடி ஆடுகிறதா? அதன் அடியில் உள்ள சின்ன மூடியைத் திருப்பினால் இரண்டு ஸ்க்ரூ தெரியும். இறுக்கினால் சரி. கைப்பிடி சும்மா சுற்றுகிறது, ஜன்னல் பூட்டவில்லை என்றால், உள்ளே இருக்கும் சதுரக் கம்பியோ, சட்டத்துக்குள் ஓடும் பூட்டுப் பட்டையின் கியரோ தேய்ந்திருக்கும். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அதே அளவில் வாங்க வேண்டும். கண் மதிப்பில் வாங்கினால் பொருந்தாது.

நோய் பூட்டிலா, கீலிலா என்று கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. கதவைத் திறந்து வைத்துக் கொண்டு பூட்டிப் பாருங்கள். திறந்த நிலையில் சுகமாகப் பூட்டுகிறது, சாத்தினால் மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால், பூட்டின் மேல் தப்பில்லை. கீல் இறங்கி, கதவு இடம் மாறியிருக்கிறது. இது தெரியாமல் பலத்தைக் காட்டித் திருகுவதால்தான் சாவி உள்ளேயே முறிகிறது.

ஒரு எச்சரிக்கை: இந்தக் கதவுகளில் சாவி நுழையும் சிலிண்டர், கைப்பிடித் தகட்டை விட வெளியே நீட்டிக் கொண்டிருக்கக் கூடாது. நீட்டிக் கொண்டிருந்தால் இடுக்கியால் பிடித்து ஒடித்து விடுவார்கள். சரியான நீளத்தில் வேறு சிலிண்டர் போட்டுக் கொள்வது நல்லது.

மாங்காய்ப் பூட்டு ஊர்

பூட்டு என்றதும் தமிழ்நாட்டில் நினைவுக்கு வருவது திண்டுக்கல். அங்கே கையால் அரம் போட்டுச் செய்யும் மாங்காய்ப் பூட்டும் கோவில் பூட்டும் பெயர் போனவை. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பம்பாயில் ஆர்தேஷிர் கோத்ரேஜ் பூட்டுத் தொழில் தொடங்கியது 1897-ல். வடக்கே அலிகாரும் பூட்டுக்குப் புகழ் பெற்ற ஊர். ஆனாலும் எந்த ஊர்ப் பூட்டாக இருந்தாலும் ஒரே பாடம்தான். அது மாட்டியிருக்கும் கொண்டியின் பலம்தான் பூட்டின் பலம்.

வாடகை வீட்டுக்குப் புதிதாகக் குடி வருகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். முன்பு குடியிருந்தவர் கொடுத்துப் போன சாவிக்கு எத்தனை நகல் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? வீட்டுக்காரரிடம் சொல்லி பூட்டை மாற்றி விட வேண்டும். சிலிண்டர் பூட்டு என்றால் முழுப் பூட்டு வேண்டாம். சிலிண்டரை மட்டும் மாற்றலாம்.

நகல் சாவி வெட்டக் கொடுத்தால் கூடவே நின்று வாங்குங்கள். "சாவியைக் குடுத்துட்டுப் போங்க சார், சாயந்தரம் வாங்க" என்றால் யோசிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. சாவி பதித்து எடுக்க ஒரு சோப்புக் கட்டி போதும்.

நிலை மேலே, மிதியடிக்குக் கீழே, செருப்புக்குள்ளே, துளசி மாடத்தில்... சாவி வைக்கும் இந்த ரகசிய இடங்கள் திருடனுக்கும் மனப்பாடம்!

உள்ளே மாட்டிக் கொண்டால்?

திருடனைத் தடுக்கும் கதவு, வீட்டு ஆட்களையே அடைத்து விடவும் கூடாது. குளியல் அறைத் தாழ்ப்பாள் சிக்கி உள்ளே தவிக்கும் முதியவர்கள், கதவைத் தாழிட்டுவிட்டுத் திறக்கத் தெரியாமல் அழும் குழந்தைகள் எந்த ஊரிலும் உண்டு. குளியல் அறைக்கு வெளியில் இருந்து காசு விட்டுத் திருப்பித் திறக்கும் பூட்டு கிடைக்கிறது. அதைப் போடுவது நல்லது. தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

லாட்ஜ், கல்யாண மண்டபம் நடத்துகிறவர்கள் இன்னொன்றை நினைக்க வேண்டும். 1997 ஜூன் 13-ந் தேதி டெல்லி உப்ஹார் சினிமா தியேட்டரில் தீ பிடித்தபோது 59 பேர் இறந்தார்கள். பால்கனியில் இருந்தவர்கள் வெளியேற முடியவில்லை. கதவு தாழிடப்பட்டிருந்தது. புகைதான் ஆளைக் கொன்றது. பின் கதவுக்குப் பூட்டு போட்டு, சாவியை மானேஜர் சட்டைப் பையில் வைத்துக் கொள்வது பாதுகாப்பு ஆகாது. ஆட்கள் உள்ளே இருக்கும் வரை அந்தக் கதவு கை வைத்தால் திறக்க வேண்டும். வீட்டு ஜன்னலுக்கு முழுக்க கிரில் அடித்திருந்தால், ஒரு ஜன்னலாவது உள்ளிருந்து திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். அதன் சாவி எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

பூட்டு வாங்குவது நேரத்தை

உடைக்க முடியாத பூட்டு என்று ஒன்று கிடையாது. 2023 பிப்ரவரி 12-ந் தேதி அதிகாலையில் திருவண்ணாமலை, போளூர், கலசபாக்கம் பகுதிகளில் ஒரே இரவில் 4 ஏ.டி.எம். எந்திரங்களைக் கியாஸ் வெல்டிங்கால் வெட்டி, சுமார் 72 லட்சம் ரூபாயை அள்ளிச் சென்றது ஒரு கும்பல். இரும்புப் பெட்டியே தாங்கவில்லை. பிறகு அரியானா வரை போய்ப் போலீசார் ஆட்களைப் பிடித்தார்கள்.

அப்படியானால் பூட்டு எதற்கு? திருடனின் நேரத்தைத் தின்பதற்கு. சத்தம் போட வைப்பதற்கு. அரை நிமிடத்தில் முடிகிற வேலை பத்து நிமிடம் ஆனால், பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்; ரோந்துப் போலீசார் வருவார்கள்; திருடன் அடுத்த தெருவுக்கு நகர்ந்து விடுவான்.

2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின்படி, திருடுவதற்காக இரவில் கதவை உடைத்து வீடு புகுந்தால் 14 ஆண்டு வரை ஜெயில். பகலில் என்றால் 10 ஆண்டு வரை. ஆனால் தண்டனை கிடைத்து, போன தாலிச் சங்கிலி திரும்பி வருமா? அடகுக் கடையில் உருகிப் போயிருக்கும்.

பத்து நிமிட வேலை

கிளம்புவதற்கு முந்தைய நாளே இதைச் செய்யுங்கள்:

கொண்டி, நாதாங்கியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் போல்ட்டு போடுங்கள்.

எல்லா ஜன்னல் கொக்கியும் விழுகிறதா பாருங்கள். கொல்லைக் கதவையும் மொட்டை மாடிக் கதவையும் மறக்க வேண்டாம். வாசலில் பெரிய பூட்டு, மாடியில் வெறும் தாழ்ப்பாள் என்பதுதான் பல வீடுகளின் நிலை.

பீரோ சாவியை பீரோ மேலேயே வைக்காதீர்கள். நகையை லாக்கரில் வைக்க வழி இருந்தால் வையுங்கள்.

இரவு தங்குவதாக இருந்தால் போலீஸ் நிலையத்தில் தகவல் கொடுத்து விட்டுப் போங்கள். திரும்பி வரும்போது கதவு திறந்து கிடந்தால் உள்ளே நுழையாதீர்கள். ஆள் உள்ளேயே இருக்கலாம். எதையும் தொடாமல் 100 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள்.

நாலு போல்ட்டு, கொஞ்சம் பென்சில் தூள், ஆசாரிக்கு அரை நாள் கூலி. இதைப் பார்த்துத் தள்ளிப் போடுகிறவர்கள், பிறகு நிலையத்து வாசலில் நின்று, "எத்தனை பவுன்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.