அளவறிந்து வாங்குவோம்: பழைய மிதிவண்டிக்குப் புதிய பாகங்கள்

பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுன், காக்ஸ் டவுன், குக் டவுன், ஃபிரேசர் டவுன் ஆகியவற்றை ஒட்டி அமைந்த பழைய கண்டோன்மென்ட் குடியிருப்பு. மரநிழல் கவிந்த உட்தெருக்களும் ரிச்சர்ட்ஸ் பூங்காவும் இப்பகுதிக்கு அழகு சேர்ப்பவை. இங்கிருந்து அல்சூர் ஏரி ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். கப்பன் பூங்கா ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். மிதிவண்டிக்கு ஏற்ற தொலைவுகள்தாம். ஆயினும் அடுக்ககங்களின் கீழ்த்தளங்களில் தூசி படிந்து நிற்கும் சைக்கிள்களுக்குக் குறைவில்லை. அவற்றுள் பலவற்றின் சட்டகம் உறுதியாகவே இருக்கும். தேய்ந்தவை பிரேக் கட்டை, டயர், செயின் போன்ற சிறு பாகங்களே.

இத்தகைய சைக்கிளைக் கழித்துவிட்டுப் புதியது வாங்குவதா, பாகங்களை மட்டும் மாற்றுவதா? சட்டகத்திலும் முன்கவையிலும் விரிசலோ வளைவோ இல்லையெனில், பெரும்பாலும் பாகங்களை மாற்றுவதே சிக்கனம். 2025 செப்டம்பர் 22 முதல் மிதிவண்டிகளுக்கும் அவற்றின் உதிரிபாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுள்ளது. ஆனால், விலை குறைந்த பாகமும் அளவு பொருந்தாவிட்டால் வீண் செலவே. எனவே, விலையைக் கேட்பதற்கு முன் அளவை அறிந்துகொள்வது நன்று.

டயர்: ‘26 அங்குலம்’ என்பது போதாது

கடையில் ‘26 அங்குல டயர்’ என்று மட்டும் கேட்பவர்கள் ஏமாற வாய்ப்புண்டு. 26 × 1 3/8 என்ற அளவும் 26 × 1.95 என்ற அளவும் பெயரளவில் ஒன்றுபோல் தோன்றினாலும், முன்னது 590 மி.மீ. விட்டமுள்ள ரிம்முக்கும், பின்னது 559 மி.மீ. விட்டமுள்ள ரிம்முக்கும் உரியவை. ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. டயரின் பக்கவாட்டில் 37-590, 50-559 என்பன போன்ற எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது ரிம்மின் விட்டம். இரண்டாவது எண் மாறவே கூடாது. முதல் எண் சற்று மாறலாம். மேடுபள்ளமான தெருக்களுக்குச் சற்றே அகலமான டயர் சுகமளிக்கும். சட்டகத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே அது தடையின்றிச் சுழல இடமிருக்க வேண்டும்.

டியூப் வாங்கும்போது வால்வையும் கவனியுங்கள். மோட்டார் வாகனங்களில் உள்ளது போன்ற பருத்த வால்வு, மெல்லிய வால்வுக்கெனத் துளையிட்ட ரிம்மில் நுழையாது. காற்றழுத்தத்தின் உச்ச வரம்பு டயரின் மீதே குறிக்கப்பட்டிருக்கும், அதை மீறலாகாது.

பிரேக்: முதல் செலவு இதற்கே

கையிருப்பு குறைவாக இருந்தால் மற்றவற்றை ஒத்திவைத்து, பிரேக்கை முதலில் சீர்செய்யுங்கள். மழைக்காலச் சரிவில் ஒருவரின் உயிரைக் காப்பது அதுவே. கட்டையில் வெட்டப்பட்ட பள்ளங்கள் மறைந்திருந்தாலோ, ரப்பர் கல்போல் இறுகியிருந்தாலோ உடனே மாற்றுதல் வேண்டும். புதிய கட்டை ரிம்மின் பக்கப்பரப்பில் முழுமையாகப் படிய வேண்டும். டயரை உரசினால் டயர் கிழியும். ரிம்முக்குக் கீழே இறங்கினால் கம்பிகளில் சிக்கும். கட்டையின் முன்முனை ரிம்மை ஒரு மில்லிமீட்டர் அளவு முந்தித் தொடுமாறு பொருத்தினால் கிறீச்சொலி குறையும்.

கம்பியிலும் வேறுபாடு உண்டு. நேரான கைப்பிடியுள்ள சைக்கிள்களின் பிரேக் கம்பி முனையில் உருளை வடிவக் குமிழும், வளைந்த கைப்பிடியுள்ள பந்தய வகைகளில் பேரிக்காய் வடிவக் குமிழும் இருக்கும். பழைய கம்பியைக் கடைக்கு எடுத்துச் சென்றால் குழப்பம் நேராது. பொருத்திய பின், நின்ற நிலையிலேயே பிரேக்கைப் பலமுறை அழுத்திப் பாருங்கள். கம்பி நழுவினால் அங்கேயே தெரிந்துவிடும்.

பழைய வண்டிகளின் பளபளக்கும் எஃகு ரிம், நனைந்தவுடன் பிடிமானத்தைப் பெரிதும் இழக்கும். மழையிலும் ஓட்டுபவர்களுக்கு அலுமினிய ரிம் பயன் மிகுந்த மாற்றமாகும். ஆனால் கம்பித்துளைகளின் எண்ணிக்கை ஒத்திருக்க வேண்டும். பழைய பாணி வண்டிகள் பலவற்றில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 துளைகள். பிறவற்றில் இரண்டுக்கும் 36 என்பது வழக்கம்.

செயின்: ஓர் அளவுகோல் போதும்

செயினில் அடுத்தடுத்த ஊசிகளுக்கு இடையே சரியாக அரை அங்குலம் இருக்கும். ஓர் ஊசியின் நடுவில் அளவுகோலின் தொடக்கத்தை வைத்தால், 12ஆம் அங்குலக் கோடு மற்றோர் ஊசியின் நடுவில் விழ வேண்டும். அந்த ஊசி 1/16 அங்குலம் தள்ளியிருந்தால் செயினை மாற்றும் தருணம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் தள்ளியிருந்தால் ஃப்ரீவீலின் பற்களும் தேய்ந்திருக்கும். புதிய செயின் அதன்மேல் தாவும். உரிய நேரத்தில் ஒரு செயினுக்குச் செலவிடத் தயங்கினால், பின்னர் இரண்டு பாகங்களுக்குச் செலவிட நேரும். கியர் இல்லாத வண்டிகளுக்குப் பெரும்பாலும் 1/8 அங்குல அகலச் செயின் பொருந்தும். கியர் வண்டிகளுக்கு அதைவிடக் குறுகியது தேவை.

பெடல்: இடமும் வலமும்

இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. இரு பெடல்களும் வண்டியின் முன்பக்கம் நோக்கிச் சுழற்றினால் இறுகும் என்பதை நினைவில் கொள்க. முதலில் விரல்களாலேயே சில சுற்றுகள் சுழற்றி, எளிதாக ஏறினால் மட்டும் ஸ்பேனரைப் பயன்படுத்துங்கள். வலிந்து திருகினால் அலுமினியக் கிராங்கின் மரை அழிந்துவிடும். பெடலின் விலையில் முடிய வேண்டியது கிராங்கின் விலைக்கு உயரும். மரையில் சிறிது கிரீஸ் தடவினால், அடுத்த முறை கழற்றுவது எளிது.

மெக்கானிக்கிடம் விடவேண்டியவை

ரிம்மின் கோட்டம் எடுத்தல், பால்ரஸ் மாற்றுதல், கைப்பிடித் தண்டின் கிண்ணங்களைப் பொருத்துதல் ஆகியவற்றுக்குச் சிறப்புக் கருவிகளும் பழகிய கையும் தேவை. தெருமுனைப் பழுதுபார்ப்பவருக்கு அளிக்கும் கூலி இங்கே நியாயமான செலவு. பாகத்தை வாங்குமுன் அவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வது இன்னும் நன்று. சட்டகமே விரிசல் கண்டிருந்தால், அதில் புதிய பாகங்களைப் பூட்டுவதைத் தவிர்க்க.

வாங்குமுன் குறித்துக்கொள்க

• டயரின் பக்கவாட்டில் உள்ள இரு எண்கள், வால்வின் வகை.
• ரிம்மின் துளை எண்ணிக்கை, பிரேக்கின் வகை.
• செயினின் அகலம். பின்பக்கப் பற்சக்கரங்களின் எண்ணிக்கை.
• சீட் தண்டின் மீது பொறிக்கப்பட்ட விட்டம். 27.2, 25.4 மி.மீ. ஆகியவை பரவலானவை, சிறு வேறுபாடும் ஆட்டத்தைத் தரும். தண்டிலுள்ள வரம்புக் கோடு சட்டகத்துக்கு வெளியே தெரியக்கூடாது.
• பழைய பாகத்தை உடன் எடுத்துச் செல்லுங்கள். ரசீதைக் கேட்டுப் பெறுங்கள். இணையவழியில் வாங்கினால், அளவைச் சரிபார்க்கும்வரை உறையைக் கிழிக்காதீர்கள்.
• செலவை ஒரே மாதத்தில் ஏற்க இயலாவிடில் பிரேக், டயர், செயின், இருக்கை என்ற வரிசையில் பகிர்ந்துகொள்ளுங்கள்.

வேலை முடிந்தபின் சக்கர நட்டுகளையும் கைப்பிடியையும் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்த்து, போக்குவரத்து இல்லாத தெருவில் சிறிது தூரம் ஓட்டி, இரு பிரேக்குகளையும் சோதித்த பின்னரே பெருஞ்சாலைக்கு இறங்குங்கள்.